ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள்?

2011 பிப்ரவரி மாதம். எங்கள் ஊருக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, படிவத்தை விரித்தார். அப்பத்தாவின் முறை வந்தது.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"நான் என்னத்த வேலை பாக்குறேன் டீச்சர், சும்மாதான் வீட்டுல கெடக்கேன்."

அன்று காலை அப்பத்தா இரண்டு மாடுகளில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்திருந்தார். தொழுவம் கூட்டி, வரட்டி தட்டி, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டு, எட்டுப் பேருக்குச் சோறு வடித்திருந்தார். ஆசிரியை 'வேலை செய்யாதவர்' என்று குறித்துக்கொண்டார். அவர் மீது பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வீட்டில் உலை வைக்க நேரமாகியிருந்தது.

மக்கள்தொகையியல் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடப்புத்தகமும் அட்டவணைகளும் நினைவுக்கு வரும். பிறப்பு விகிதம், இறப்பு விகிதம், அடர்த்தி, இடப்பெயர்வு என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறந்துபோன சொற்கள். ஆனால் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் பெண்ணின் உடலையும் உழைப்பையும் நடையையும் தொட்டுத்தான் உருவாகியிருக்கின்றன. யாரை எண்ணுவது, எப்படி எண்ணுவது, எண்ணிய பிறகு அந்த எண்ணை வைத்து யாரை என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளோடு அவற்றின் வரலாற்றைத் திரும்பப் பார்க்கலாம்.

பெயரில்லாத தலைகள்

சென்னை மாகாணத்தில் 1871இல் குடிமதிப்பு எடுக்கப்பட்டது. இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் கணக்கெடுப்பு நடந்தது 1881இல். வரி, பஞ்ச நிவாரணம், படைக்கு ஆள் சேர்ப்பு என்று ஆட்சி நடத்த எண்கள் தேவைப்பட்டன. குடும்பத் தலைவர் ஆண். அவர் சொல்வதே பதிவு. வீட்டுப் பெண்களின் பெயரை அந்நியரிடம் சொல்ல மறுத்தால், பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்று கணக்கெடுப்பாளர்களுக்கு அனுமதி இருந்தது. தலை எண்ணிக்கைக்கு அவள் வேண்டும், பெயர் வேண்டாம்.

இது காலனி அரசோடு முடிந்த கதையல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, ஏராளமான பெண்கள் தங்களை இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிவு செய்தார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தேர்தல் ஆணையம் முடிவெடுத்தது. வட இந்திய மாநிலங்களில் பெரும்பாலும், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. முடிவு கண்டிப்பானதுதான். ஆனால் பெயரோடு பதிவானால்தான் குடிமகள் என்ற விதி அதன் மூலம் நிலைபெற்றது.

குறைந்துகொண்டே வந்த எண்

பாலின விகிதம் என்ற சொல்லைப் பார்ப்போம். உலகின் பல நாடுகளில் 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று கணக்கிடுகிறோம். ஆண் நிலையான ஆயிரம். பெண்தான் கூடவும் குறையவும் செய்கிறாள்.

1901இல் இந்தியாவில் அந்த எண் 972. 1971இல் 930. காலனி அதிகாரிகள் இதற்கு இரண்டு விளக்கங்கள் வைத்திருந்தார்கள். ஒன்று, பெண் சிசுக்கொலை. அதற்காக 1870இல் ஒரு சட்டமே போட்டு வட இந்தியாவின் சில பகுதிகளில் நடைமுறைப்படுத்தினார்கள். இன்னொன்று, பெண்கள் திரைக்குப் பின்னால் இருப்பதால் எண்ணிக்கையில் விட்டுப்போகிறார்கள் என்பது. இரண்டாவது விளக்கம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பெண்கள் சாகவில்லை, ஒளிந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. 1961 கணக்கெடுப்பை ஒட்டி மக்கள்தொகையியலாளர் பிரவீன் விசாரியா செய்த ஆய்வு, விடுபட்டதால் மட்டும் இத்தனை பெரிய குறைவு வராது என்று காட்டியது. பெண்களின் இறப்பு விகிதம்தான் ஆண்களைவிட அதிகமாக இருந்தது. பிறந்த பிறகு கிடைக்காத பால், கிடைக்காத மருந்து, அடுத்தடுத்த பிரசவங்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

1974இல் இந்தியப் பெண்களின் நிலை குறித்த குழு 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையை அரசிடம் கொடுத்தது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பிறகும் பெண்களின் விகிதம் சரிந்துகொண்டிருக்கிறது என்பதை அது அரசின் எண்களைக் கொண்டே காட்டியது. இந்தியப் பெண்கள் இயக்கத்துக்கும் பெண்ணியக் கல்விக்கும் அந்த அறிக்கை ஒரு திருப்புமுனை. 1990இல் அமர்த்தியா சென், உயிரோடு இருந்திருக்க வேண்டிய பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் உலகில் இல்லை என்று எழுதினார். 'காணாமல் போன பெண்கள்' என்ற தொடர் உலக வழக்கில் நிலைபெற்றது.

தமிழ்நாட்டின் எண் வேறு மாதிரி தொடங்கியது. 1901இல் இங்கே 1,000 ஆண்களுக்கு 1,044 பெண்கள். உடனே பெருமைப்பட வேண்டாம். இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆண்கள் போய்விட்ட ஊர்களில் பெண்கள் மிஞ்சியிருந்தார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. பின்னர் அதுவும் இறங்கியது: 1951இல் 1,007, 1991இல் 974. கடைசிக் கணக்கெடுப்பான 2011இல் சற்று ஏறி 996 ஆனது.

996 என்பதைக் கேட்டு ஆறுதல் அடைவதற்கு முன் இன்னொரு எண்ணையும் கேட்க வேண்டும். பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் மட்டும் எடுக்கும் குழந்தைப் பாலின விகிதம் அது. பெண்கள் ஆண்களைவிட நீண்ட நாள் வாழத் தொடங்கினால் மொத்த விகிதம் உயரும். மூத்த பெண்கள் கூடுவது, பிறக்காமல் போன சிறுமிகளை மறைத்துவிடும். இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்கு 105 ஆண் குழந்தைகள் பிறப்பார்கள். அதாவது 1,000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள். இந்தியாவில் இந்தக் குழந்தை விகிதம் 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 919. தமிழ்நாட்டில் 2011இல் 943. 1991இல் சேலம் மாவட்டத்தில் அது 850க்கு அருகில் இருந்தது.

உழைப்பு காணாமல் போன விதம்

அப்பத்தாவின் 'சும்மா' என்ற சொல்லுக்கு வருவோம். 1961 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உழைப்பவர்கள். 1971இல் அது பாதிக்கும் சுருங்கிவிட்டது. ஏறக்குறைய 6 கோடியாக இருந்த பெண் உழைப்பாளர்கள் 3 கோடி சொச்சம் ஆனார்கள். பத்தே ஆண்டில் மூன்று கோடிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை. கேள்வி மாறியது. 1961இல் ஒருவர் பருவ காலத்தில் ஒழுங்காகச் சிறிது நேரம் உழைத்தாலும் உழைப்பாளர். 1971இல், உங்கள் முதன்மையான செயல் எது என்று கேட்டார்கள். களை எடுத்தும் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் வந்த பெண்ணின் 'முதன்மைச் செயல்' வீட்டு வேலை என்று ஆனது.

பெண்ணிய ஆய்வாளர்களும் இயக்கங்களும் தொடர்ந்து கேள்வி எழுப்பியதன் பயனாக, 1991இல் கேள்வியிலேயே ஒரு சொற்றொடர் சேர்ந்தது: குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் சேரும் என்று. ஆனால் சமையலும் குழந்தை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் இன்றுவரை 'வேலை' ஆகவில்லை. அவற்றைச் செய்பவர்கள் 'உழைக்காதவர்' என்ற தலைப்பின் கீழ் மாணவர்கள், ஓய்வூதியம் பெறுபவர்கள், பிச்சை எடுப்பவர்கள் ஆகியோருடன் வரிசைப்படுத்தப்பட்டார்கள். 2010 ஜூலையில், விபத்தில் இறந்த இல்லத்தரசி ஒருவருக்கான இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த வகைப்படுத்தலைக் கண்டித்தது. ஆனாலும் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 கோடிப் பெண்கள் வீட்டு வேலையே முதன்மைச் செயல் என்று பதிவாகி 'உழைக்காதவர்' ஆனார்கள். அப்படிப் பதிவான ஆண்கள் 60 லட்சத்துக்கும் குறைவு.

மக்கள்தொகையியலில் சார்பு விகிதம் என்று ஒரு கருத்தாக்கம் உண்டு. 15 வயதுக்குட்பட்டவர்களும் முதியோரும் உழைக்கும் வயதினரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது அதன் அடிப்படை. அந்தக் குழந்தைகளும் முதியவர்களும் நாள்தோறும் யார் கையைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதை அந்த விகிதம் சொல்வதில்லை. 2019இல் நாடு தழுவி எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு அதற்கு விடை சொன்னது. ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள்.

கல்யாணம் என்ற இடப்பெயர்வு

மக்கள்தொகைப் புவியியலின் முன்னோடிகளில் ஒருவர் ராவென்ஸ்டைன். பிரிட்டிஷ் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 1885இல் இடப்பெயர்வு விதிகளை வகுத்தார். குறுகிய தூரங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இடம்பெயர்கிறார்கள் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் பிறகு வந்த பாடநூல்களில், இடம்பெயர்பவர் என்றாலே பெட்டியோடு ரயிலேறும் ஓர் ஆண்தான். பெண் 'உடன் சென்றவள்' ஆனாள்.

2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் ஏறத்தாழ 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் திருமணம். உலகின் மிகப் பெரிய இடப்பெயர்வுகளில் ஒன்று, தாலி கட்டிய மறுநாள் நடக்கிறது. அதை யாரும் இடப்பெயர்வு என்று அழைப்பதில்லை. அப்படிப் போன பெண் அங்கே களை எடுத்தாலும், பனியன் கம்பெனியில் தைத்தாலும், காரணப் பத்தியில் 'திருமணம்' என்றே நிற்கும்.

விகிதத்துக்காகவே பெண்களை ஏற்றிச் சென்ற காலமும் உண்டு. 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனது. காலனிகளுக்கான ஒப்பந்தக் கூலி முறையில், 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதி பின்னர் நிலைபெற்றது. ஆண் கூலிகள் 'ஒழுங்காக' இருப்பதற்கும், அடுத்த தலைமுறைக் கூலிகள் பிறப்பதற்கும் அந்த நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். கப்பல் ஏறிய பெண்களோ விதவைகள், கணவனை விட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் பிழைக்க வழியற்றவர்கள், தனியாகப் போகத் துணிந்தவர்கள். அவர்களுக்கு அது பிழைப்புக்கான பயணம். அரசுக்கோ நிரப்ப வேண்டிய ஒதுக்கீடு.

யாருடைய பேறு, யாருடைய கணக்கு

மால்தஸ் 1798இல் எழுதினார்: உணவு உற்பத்தி மெல்லக் கூடுகிறது, மக்கள்தொகை பன்மடங்காகப் பெருகுகிறது. ஏழைகள் பிள்ளை பெறுவதே ஏழ்மைக்குக் காரணம் என்ற எண்ணத்துக்கு இந்த வாதம் அறிவியல் சாயம் பூசியது. அவர் கருத்தடையை ஏற்கவில்லை. புதிய மால்தஸியர்கள் அதை ஏற்றார்கள். 1877இல் லண்டனில் கருத்தடை குறித்த ஒரு சிறுநூலை வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்தவர்களில் ஒருவர் அன்னி பெசன்ட். அடுத்த ஆண்டு தன் மகளை வளர்க்கும் உரிமையையும் இழந்தார். இதே அன்னி பெசன்ட், அடையாறுக்கு வருவதற்கு முன்பே, தியாசபியில் சேர்ந்தபின் அந்தக் கருத்தைக் கைவிட்டார்.

தமிழ்நாட்டில் 1920களின் இறுதியிலும் 1930களிலும் கருத்தடை பற்றிய விவாதம் சூடாக நடந்தது. சென்னையின் புதிய மால்தஸியச் சங்கம் நாட்டின் வறுமையையும் மக்கள் பெருக்கத்தையும் பேசியது. 'குடி அரசு' இதழில் பெரியார் வேறு இடத்திலிருந்து பேசினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கருத்தடையைக் கேட்கிறார்கள், நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று வேறுபடுத்திக் காட்டினார். முதல் பார்வையில் பெண்ணின் பேறு நாட்டுக்கான கருவி. இரண்டாவதில் அது அவளுடைய முடிவு. கருத்தடை என்னவோ ஒன்றுதான்.

சுதந்திர இந்தியா முதல் பார்வையைத் தேர்ந்தெடுத்தது. 1951 கணக்கெடுப்பின் ஆணையர் ஆர். ஏ. கோபாலஸ்வாமி தன் அறிக்கையில் 'முன்யோசனையற்ற தாய்மை' என்ற ஒரு கருத்தாக்கத்தை முன்வைத்தார். மூன்று பிள்ளைகள் பெற்ற ஒருத்திக்கு நிகழும் அடுத்தடுத்த பிரசவங்களுக்கு அந்தப் பெயர். பிரசவத்தில் முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா என்பது கணக்கில் இல்லை. முன்யோசனை இல்லாத குற்றம் மட்டும் தாய்மையின் மேல் விழுந்தது. முன்யோசனையற்ற தந்தைமை என்ற சொல் எந்த அறிக்கையிலும் என் கண்ணில் பட்டதில்லை. 1952இல் அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்தும் முதல் நாடானது இந்தியா.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலம் கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை தரத் தொடங்கியபோது முன்னிலையில் இருந்தது ஆண்களுக்கான அறுவை. அவசரநிலைக் காலத்தில் 1976–77இல் நாடு முழுவதும் நடந்த 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகளில் நான்கில் மூன்று பங்கு ஆண்களுக்கு. வற்புறுத்தலும் மிரட்டலுமாக நடந்த அந்தக் கொடுமை 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்வதற்கு ஒரு காரணமானது. அதிலிருந்து அரசுகள் கற்ற பாடம், வற்புறுத்தக் கூடாது என்பதைவிட, ஆண்களைத் தொடக் கூடாது என்பதாகவே இருந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. இரண்டில், ஆணுக்கான அறுவையே எளிது, ஆபத்தும் குறைவு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே நடந்த ஒரு முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். அவர்களில் பதின்மூன்று பேர் இறந்துபோனார்கள்.

குறைந்த குடும்பம், குறைந்த பெண்கள்

மொத்தக் கருவள விகிதம் என்பது, ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளைகள் பெறுவாள் என்ற கணக்கு. ஆணுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் வழக்கமாக எடுப்பதில்லை. அது 2.1 ஆக இருந்தால் ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளும். இதற்குப் பதிலீட்டு நிலை என்று பெயர். இரண்டு போதாதா, ஏன் 2.1? பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகம் பிறக்கிறார்கள். பிறந்த பெண் குழந்தைகளிலும் சிலர் தாயாகும் வயதுக்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். ஒரு தாய்க்குப் பதில் ஒரு மகள் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. மக்கள்தொகையின் எதிர்காலம் மகள்களைக் கொண்டே அளக்கப்படுகிறது. மகள்களை வேண்டாம் என்னும் சமூகத்துக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இறப்பு குறையும், பிறகு பிறப்பும் குறையும் என்ற மக்கள்தொகை நிலைமாற்றக் கோட்பாட்டை 1929இல் வாரன் தாம்சனும் 1945இல் பிராங்க் நோட்ஸ்டைனும் உருவாக்கினார்கள். ஐரோப்பாவைப் பார்த்து எழுதிய கோட்பாடு அது. தொழில்மயமும் வளமும் வந்தால் பிறப்பு குறையும் என்றது. கேரளமும் தமிழ்நாடும் அந்த வளம் வருவதற்கு முன்பே குறைத்துக் காட்டின. 1970களின் தொடக்கத்தில் நான்கை ஒட்டியிருந்த தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2000ஐ ஒட்டிப் பதிலீட்டு நிலைக்கு வந்துவிட்டது. 2019–21இல் 1.8. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், மணவயது ஏறியது, கிராமத்துக்குச் செவிலியர் வந்தார், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது.

இந்த வெற்றிக்கு ஒரு நிழல் உண்டு. குடும்பம் சிறுத்தது, ஆனால் ஆண் பிள்ளை வேண்டும் என்ற ஆசை சிறுக்கவில்லை. ஐந்து பிள்ளைகளில் மூன்று பெண்ணாக இருக்கலாம். இரண்டே பிள்ளைகளில் இரண்டாவதும் பெண்ணாகிவிட்டால்? 1980களின் நடுவில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சிசுக்கொலைகளைப் பத்திரிகைகள் வெளிக்கொண்டு வந்தன. ஒரு சாதியின், ஒரு வட்டாரத்தின் குற்றமாக அதைப் பேசிவிட்டு மற்றவர்கள் கை கழுவிக்கொண்டார்கள். அதே காலத்தில் நகரங்களில் ஸ்கேன் எந்திரம் வந்துவிட்டது. கள்ளிப்பால் கொடுத்த ஏழைத் தாயைக் கைது செய்தார்கள். ஸ்கேன் அறையில் நடந்ததோ மருத்துவ ரகசியம். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. கருவின் பாலினத்தை அறிவிப்பதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. வரதட்சணை மட்டும் எப்போதும்போல் நடந்துகொண்டிருந்தது.

இப்போது மீண்டும் நம் வயிறு

நாடாளுமன்றத் தொகுதிகளின் பகிர்வு 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் 1976இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2026க்குப் பிந்திய முதல் கணக்கெடுப்பு வரை அது மாறாது என்று பின்னர் நீட்டித்தார்கள். பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்ற கவலை நியாயமானது. தமிழ்நாட்டின் குரல் டெல்லியில் மெலியக் கூடாது என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2024 அக்டோபரில் தென்மாநில முதலமைச்சர்கள் இருவர் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் அதிகம் பெறச் சொன்னார். இன்னொருவர் பதினாறு பெற்றால் என்ன என்று மணவிழா மேடையில் வேடிக்கையாகக் கேட்டார். அறுபது ஆண்டுகளாகச் 'சிறு குடும்பமே சீரான குடும்பம்' என்று சுவரில் எழுதியவர்கள், இப்போது எதிர்ப்பக்கம் எழுதப் பார்க்கிறார்கள். சுவர் மட்டும் மாறவில்லை. அது நம் உடல்.

2023இல் நிறைவேறிய மகளிர் இடஒதுக்கீட்டுச் சட்டமும் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் முடிச்சுப் போடப்பட்டது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027க்கு அறிவிக்கப்பட்டது. சட்டமன்றத்தில் நமக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வேண்டுமென்றால் முதலில் நாடு எண்ணி முடிக்க வேண்டும். ஆகவே எண்கள் நமக்குத் தேவையில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. குறைந்துகொண்டே வந்த 972ஐயும் 930ஐயும் காட்டித்தான் நம் முன்னோடிகள் அரசைக் கேள்வி கேட்டார்கள். எண்கள் இல்லையென்றால் காணாமல் போன பெண்கள் காணாமல் போனதே தெரிந்திருக்காது.

அப்பத்தா இப்போது இல்லை. அடுத்த முறை கணக்கெடுக்க வருபவரும் அநேகமாகப் பள்ளி விட்டுக் களைத்து வரும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார். அவருக்குத் தண்ணீர் கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள். உங்கள் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். என்ன வேலை என்று கேட்டால், 'சும்மா' என்று சொல்லாதீர்கள். காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். படிவத்தில் அதற்கு இடம் இருக்காது. எழுதுபவர் பேனாவை நிறுத்தி ஒரு கணம் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். 1971இல் மறைந்த மூன்று கோடிப் பேரை 1991இல் கொஞ்சமாவது மீட்டது, இடமில்லாத இடத்தில் பெண்கள் விடாமல் சொன்ன பதில்தான்.